ஹெட்லி டெல்லி நீதிமன்றத்துக்கு வர வேண்டும்

மும்பைத் தாக்குதலில் குற்றம் சாட்டப்பட்ட தஹாவூர் ராணாவை ஏற்றிவந்த விமானம் 2025 ஏப்ரல் 10 அன்று டெல்லியில் தரையிறங்கியபோது, 2008-ல் 166 பேரைப் பலிகொண்ட அந்தத் தாக்குதலின் வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. இந்தியாவிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்து அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம்வரை ராணா போராடித் தோற்ற பிறகே அந்தப் பயணம் நடந்தது. அதற்காக உழைத்த அதிகாரிகள் பாராட்டுக்கு உரியவர்கள். ஆனால், தேசியப் புலனாய்வு முகமை 2011 டிசம்பரில் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் முதலாவதாக நிற்கும் பெயர் டேவிட் கோல்மன் ஹெட்லியுடையது. அவர் அமெரிக்கச் சிறையில் இருக்கிறார். இந்தியாவிடம் ஒப்படைக்க மாட்டோம் என்று அமெரிக்க அரசு அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்த எழுத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று இந்தியா இருந்துவிடக் கூடாது. ராணா வழக்கில் ஹெட்லி நேரில் வந்து சாட்சி சொல்லவும், குறுக்கு விசாரணைக்கு உட்படவும் மத்திய அரசு எல்லா வழிகளையும் தேட வேண்டும்.

1960-ல் வாஷிங்டனில் தாவூத் கிலானி என்ற பெயரில் பிறந்தவர் ஹெட்லி. தந்தை பாகிஸ்தானின் வானொலித் துறையில் பெயர் பெற்றவர். தாய் பிலடெல்பியா பக்கத்து அமெரிக்கப் பெண். பெற்றோர் பிரிந்த பின் பாகிஸ்தானில் தந்தையிடம் வளர்ந்தார். ஹசன் அப்தாலில் உள்ள ராணுவப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோது கிடைத்த நண்பர்தான் ராணா. 1971 போரில் தன் பள்ளியின் மீது இந்திய விமானங்கள் குண்டு வீசின, அன்றிலிருந்தே இந்தியா மீது வெறுப்பு என்று பிற்காலத்தில் சாட்சியம் சொன்னார். 1977-ல் தாயைத் தேடி அமெரிக்கா போனார். இரண்டு நாடுகளிலும் சொந்தக்காரராகப் பழகத் தெரிந்த, எந்த விமான நிலையத்திலும் சந்தேகத்துக்கு இடம் தராத ஒருவர் அங்கே உருவானார்.

1988-ல் பிராங்பர்ட் விமான நிலையத்தில் ஹெராயினுடன் சிக்கினார். கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தார். அவர்களுக்கு எட்டு ஆண்டு, பத்து ஆண்டு என்று தண்டனை விழுந்தது. இவருக்கு நான்கே ஆண்டு. 1997-ல் நியூயார்க்கில் மறுபடியும் அதே குற்றம், மறுபடியும் அதே பேரம். இந்த முறை அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமையின் தகவலாளியாகவே மாறினார். 15 மாதத் தண்டனையோடு தப்பினார். விடுதலைக்குப் பின் அவர் மீது இருந்த நீதிமன்றக் கண்காணிப்பும் 2001 நவம்பரில் கெடு முடியும் முன்பே நீக்கப்பட்டது. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. அடுத்த பிப்ரவரியில் அவர் பாகிஸ்தானில், பின்னாளில் மும்பைத் தாக்குதலை நடத்திய லஷ்கர்-இ-தொய்பாவின் பயிற்சி முகாமில் இருந்தார். அந்த அமைப்பை அமெரிக்கா பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்து அப்போது சில வாரங்களே ஆகியிருந்தன.

தகவலைக் கொடுத்தால் தண்டனை குறையும் என்ற பாடத்தை இந்த மனிதருக்கு இரண்டு முறை கற்றுக்கொடுத்தது அமெரிக்க நீதித்துறைதான். 2009-ல் சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் கைதானபோது அவர் அந்தப் பாடத்தை மறந்திருக்கவில்லை. அன்றே பேசத் தொடங்கிவிட்டார்.

இடையில் எச்சரிக்கை மணி அடிக்காமல் இல்லை. 2005-ல் நியூயார்க்கில் இருந்த அவருடைய மனைவி, கணவர் லஷ்கரோடு தொடர்பு வைத்திருப்பதாகவும் பயிற்சி பெற்றதாகவும் புலனாய்வாளர்களிடம் சொன்னார். பாகிஸ்தானில் மணந்துகொண்ட இன்னொரு மனைவி, 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் இஸ்லாமாபாத்தில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தின் கதவைத் தட்டினார். இரண்டு பெண்கள், இரண்டு கண்டங்கள், ஒரே செய்தி. எந்த அதிகாரியும் அதைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போகவில்லை. இதைப் பற்றி அமெரிக்க உளவுத்துறை 2010-ல் ஓர் உள்விசாரணை நடத்தியது. அதன் முழு அறிக்கை மக்கள் பார்வைக்கு வரவில்லை. மும்பையில் பிள்ளையை இழந்த குடும்பத்துக்கு அந்த அறிக்கையைப் படிக்கும் உரிமை இல்லை என்று யார் முடிவு செய்தது?

2006 பிப்ரவரியில் தாவூத் கிலானி சட்டப்படி டேவிட் ஹெட்லி ஆனார். புதுப் பெயர், அமெரிக்கக் கடவுச்சீட்டு, ராணா நடத்திவந்த குடியேற்ற ஆலோசனை நிறுவனத்தின் மும்பைக் கிளை என்ற முகமூடி. 2006 செப்டம்பர் முதல் 2008 ஜூலைவரை ஐந்து முறை மும்பைக்கு வந்தார். தாஜ் ஹோட்டலில் தங்கி, அதன் மாடிகளையும் நடைவழிகளையும் வீடியோ எடுத்தார். ஓபராய், லியோபோல்ட் உணவகம், சத்ரபதி சிவாஜி ரயில் முனையம், யூதர்களின் நரிமன் இல்லம் எல்லாவற்றையும் அளந்தார். படகு பிடித்துக் கடலில் சுற்றி, கொலையாளிகள் எங்கே கரையேறலாம் என்று பார்த்து, அந்த இடங்களைக் கருவியில் பதிவுசெய்துகொண்டு போனார். சித்திவிநாயகர் கோயிலில் சிவப்புக் கயிறுகள் வாங்கியதாகவும் அவரே சொன்னார். தாக்க வருகிறவர்களை இந்துக்கள் என்று எண்ண வைப்பதற்காக அவர்கள் கையில் கட்டிவிட. 2008 செப்டம்பரிலும் அக்டோபரிலும் இரண்டு முயற்சிகள் தவறிப்போயின. மூன்றாவது முயற்சியில் பத்துப் பேர் வந்து இறங்கினார்கள்.

அத்தனையும் நடந்து முடிந்த பிறகு, 2009 மார்ச்சில் இதே ஹெட்லி மீண்டும் இந்தியாவுக்கு வந்தார்! டெல்லியில் உள்ள தேசியப் பாதுகாப்புக் கல்லூரியையும் வேறு நகரங்களின் யூத இல்லங்களையும் வேவு பார்த்தார். நம் குடிநுழைவு அதிகாரிகளும் உளவு அமைப்புகளும் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும். அமெரிக்கா எச்சரிக்கைகளைத் தவறவிட்டதைச் சுட்டிக்காட்டும் நாம், நம் வாசலில் அதே ஆள் நுழைந்து திரும்பியதைப் பூசி மெழுகக் கூடாது. அந்தச் சமயத்தில் அவர் கோபன்ஹேகனில் யில்லாண்ட்ஸ்-போஸ்டன் நாளிதழின் அலுவலகத்துக்கும் விளம்பரம் தருகிறவரைப் போலப் போய்வந்திருந்தார். அந்த நாளிதழைத் தாக்கும் சதி நிறைவேறாததால் டென்மார்க் இரத்தம் சிந்தாமல் தப்பியது.

2010 மார்ச் 18 அன்று சிகாகோ நீதிமன்றத்தில் பன்னிரண்டு குற்றச்சாட்டுகளையும் ஹெட்லி ஒப்புக்கொண்டார். பதிலுக்கு மரண தண்டனை கேட்கப்படாது; ஒப்புக்கொண்ட குற்றங்களுக்காக இந்தியா, பாகிஸ்தான், டென்மார்க் ஆகிய நாடுகளுக்கு அவர் ஒப்படைக்கப்படவும் மாட்டார். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி நம் கவனத்துக்கு உரியது: வெளிநாட்டு வழக்குகளில் அவர் சாட்சி சொல்வார், ஆனால் அது அமெரிக்க மண்ணில் நடக்க வேண்டும், நேர்காணலாகவோ காணொலி வழியாகவோ இருக்கலாம். தேசியப் புலனாய்வு முகமையின் அதிகாரிகள் அவரை நேரில் கேள்வி கேட்டது அந்த ஜூனில்தான். கையெழுத்துகள் அதற்கு முன்பே காய்ந்துவிட்டன. அதிகம் பேரை இழந்த நாடு, பேரம் நடந்த அறைக்கு வெளியே நின்றது.

2013 ஜனவரி 24 அன்று நீதிபதி ஹாரி லைனன்வெபர் 35 ஆண்டு சிறை விதித்தார். ஹெட்லி திருந்திவிட்டார் என்பதைத் தாம் நம்பவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்க மத்தியச் சிறை விதிகளில் நன்னடத்தைக் கழிவு போக ஏறத்தாழ 85 விழுக்காட்டைக் கழித்தாக வேண்டும். எண்பது வயது ஆவதற்கு முன்பே ஹெட்லி வெளியே வரக்கூடும் என்பதே இதன் கணக்கு. இந்தியாவில் விசாரித்திருந்தால் இதைவிடக் கடுமையான தண்டனையைக் கேட்டிருப்போம் என்று அன்றைய வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் வருந்தினார். துப்பாக்கியோடு வந்த அஜ்மல் கசாப், திறந்த நீதிமன்றத்தில் நூற்றுக்கணக்கான சாட்சிகளை எதிர்கொண்டு, உச்ச நீதிமன்றம்வரை முறையிட்டு, 2012 நவம்பர் 21 அன்று எரவாடாவில் தூக்கிலிடப்பட்டான். அவனுக்கு வழிகாட்டும் படங்களை எடுத்துக் கொடுத்தவரின் வழக்கிலோ விசாரணையே நடக்கவில்லை. நாம் ஹெட்லிக்குத் தூக்குக் கயிற்றைக் கேட்கவில்லை. ஒரு முழு விசாரணையைக் கேட்கிறோம்.

பேரமே தவறு என்று சொல்வோர் உண்டு. அதை நாம் ஏற்கவில்லை. ஹெட்லி வாய் திறந்ததால்தான் லஷ்கரில் அவரை இயக்கிய சாஜித் மிர், ஐஎஸ்ஐ அதிகாரி என்று அவர் சொன்ன மேஜர் இக்பால் ஆகிய பெயர்கள் அமெரிக்க நீதிமன்ற ஆவணத்தில் ஏறின. லஷ்கருக்கும் பாகிஸ்தானின் ஐஎஸ்ஐ அமைப்புக்கும் இடையே இருந்த உறவை, அதன் உள்ளே இருந்த ஒருவரே சொல்லக் கேட்டோம். பயங்கரவாத அமைப்பை வெளியிலிருந்து உடைப்பது எவ்வளவு கடினம் என்பது எந்தப் புலனாய்வாளருக்கும் தெரியும். உயிரோடு விடுவதை விலையாகக் கொடுத்து உண்மையை வாங்குவது சில வேளை நியாயமே. ஆனால், ஒப்படைக்க மாட்டோம் என்ற நிபந்தனை அந்த விலையில் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. இறந்தவர்களில் ஆறு பேர் அமெரிக்கர்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஆறு பேருக்காக வழக்கு நடத்தும் அரசு, மற்ற அத்தனை பேருடைய நாட்டின் உரிமையையும் தன் கைச்சரக்காக எண்ணி விற்றது.

ஹெட்லி குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அமெரிக்க அரசுக்கு இன்னொரு சங்கடமும் நீங்கியது. முழு விசாரணை நடந்திருந்தால், போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளும் அந்த மனைவிகளின் புகாரைக் கேட்டவர்களும் கூண்டில் ஏறிப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதைத் தவிர்க்கவே பேரம் பேசினார்கள் என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. விளைவு என்னவோ அதுதான். 2011-ல் ராணா மீதான சிகாகோ விசாரணையில் ஹெட்லி அரசுத் தரப்பின் முக்கிய சாட்சியாக வந்தார். நடுவர் குழு டென்மார்க் சதியிலும் லஷ்கருக்கு உதவியதிலும் ராணாவைக் குற்றவாளி என்றது. மும்பைச் சதியிலிருந்து விடுவித்தது. அந்த மும்பைக் குற்றத்தைத்தான் இப்போது டெல்லி நீதிமன்றம் நிறுவ வேண்டியிருக்கிறது. ஹெட்லியின் சொல் எவ்வளவு தாங்கும் என்று சோதிக்காமல் அது இயலாது.

இந்தியாவும் ஒரு பேரம் பேசியது. 2015 டிசம்பரில் மும்பை சிறப்பு நீதிமன்றம் ஹெட்லியை அப்ரூவராக ஏற்று மன்னிப்பு அளித்தது. 2016 பிப்ரவரியில் அவர் காணொலியில் தோன்றிச் சொன்னவற்றில் பெரும்பகுதி, ஏற்கெனவே சிகாகோவிலும் நம் அதிகாரிகளிடமும் சொன்னதுதான். புதிதாக ஏதும் வெளிவந்தது அடுத்த மாதம், அந்த வழக்கின் எதிரியான அபு ஜுண்டாலின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்தபோதுதான். 1998-ல் தான் பாகிஸ்தான் போய்வந்த செலவை அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை கொடுத்தது என்று அப்போது ஒப்புக்கொண்டார். மனைவியைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். முழு உண்மையைச் சொல்வதாக மன்னிப்புப் பெற்ற ஒருவர், விரும்பாத கேள்வியைத் தள்ளிவிட்டார். திரையில் இருப்பவரை நீதிமன்றம் என்ன செய்துவிட முடியும்? மும்பையில் அப்ரூவர், டெல்லியில் முதல் எதிரி என்ற இந்த இரட்டை நிலையை மத்திய அரசு இன்னும் எத்தனை காலம் தொங்கவிடப்போகிறது என்பதையும் விளக்க வேண்டும்.

சட்டத்தில் வழி இருக்கிறது. 1997-ல் கையெழுத்தான இந்திய-அமெரிக்க ஒப்படைப்பு ஒப்பந்தத்தில், தண்டனை அனுபவிப்பவரைத் தற்காலிகமாக ஒப்படைத்துத் திரும்பப் பெற இடம் உண்டு. ஹெட்லிக்குக் கொடுத்த வாக்குறுதி அந்தக் கதவை அடைக்கிறது என்று வாஷிங்டன் சொல்லும். ஆனால் 2001-ல் கையெழுத்தான பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம் வேறு வகை. காவலில் உள்ள ஒருவரைச் சாட்சி சொல்வதற்காக மட்டும் அழைத்துவந்து திருப்பி அனுப்ப அது அனுமதிக்கிறது. இரண்டு அரசுகளின் சம்மதமும் அந்தக் கைதியின் சம்மதமும் வேண்டும். ஒத்துழைப்புக்காகவே உயிரைப் பெற்றவர் ஹெட்லி; சம்மதிக்கும்படி அவரை வற்புறுத்த அமெரிக்க நீதித்துறைக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. அவர் மறுத்தால், அந்த மறுப்பு எழுத்தில் பதிவாகட்டும். அதன் பிறகும் காணொலி ஒன்றே வழி என்றால், நாள் கணக்குக் கட்டுப்பாடின்றி, ராணாவின் வழக்கறிஞர்கள் கேட்க விரும்பும் எல்லாக் கேள்விகளுக்கும் இடம் தந்து அது நடக்க வேண்டும். எதிரியின் வழக்கறிஞருக்குக் கிடைக்கும் சுதந்திரம் வழக்கைப் பலவீனப்படுத்தும் என்று அரசுத் தரப்பு அஞ்சத் தேவையில்லை. 2016-ல் நமக்கு ஏதாவது கிடைத்தது என்றால் அது அந்தச் சுதந்திரத்தால்தான்.

பாகிஸ்தானிடமிருந்து எதையும் எதிர்பார்க்க முடியாது என்பது இத்தனை ஆண்டுகளில் தெளிவாகிவிட்டது. தாக்குதலின் தளபதி என்று குற்றம் சாட்டப்பட்ட ஜகியுர் ரஹ்மான் லக்வி 2015-ல் ஜாமீனில் வெளியே வந்தார். 2021-ல் அவருக்குத் தண்டனை விழுந்தது பயங்கரவாதத்துக்கு நிதி திரட்டியதற்காக, மும்பைக்காக இல்லை. ஆகவே, மேஜர் இக்பால் யார், யாருக்குக் கீழே வேலை செய்தார், பணம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்பவற்றை நீதிமன்றத்தில் நின்று சொல்லக்கூடிய மனிதர்களில் நம் கைக்கு எட்டும் தொலைவில் இருப்பவர் ஹெட்லி ஒருவரே. ராணாவை அனுப்பிவைத்ததன் மூலம் இந்த வழக்கில் இந்தியாவுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதை வாஷிங்டன் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தத்தின் கீழ் எழுத்துபூர்வமான கோரிக்கையை உள்துறை அமைச்சகம் அனுப்ப வேண்டும். 2010 உள்விசாரணை அறிக்கையின் பிரதியையும் அதே கடிதத்தில் கேட்க வேண்டும். ராணா வழக்கில் சாட்சிகள் விசாரித்து முடிக்கப்படும் முன்பே அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும். அதற்கு என்ன பதில் வந்தது என்பதை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.