பட்டாளத்துப் பண்டிட் வேலைக்குத் தமிழ் ஆகாதா?

பட்டாளத்தில் சேர்ந்தும் ஜபமாலையைக் கைவிட வேண்டாத வேலை ஒன்று உண்டு. அதுதான் மத போதகர் பதவி. இந்துக்களுக்குப் பண்டிட், சீக்கியருக்குக் கிரந்தி, முஸ்லிம்களுக்கு மௌல்வி, கிறிஸ்தவருக்குப் பாதிரியார், பௌத்தருக்குப் பிக்கு என நமது ராணுவம் ஆள் எடுக்கிறது. சேரும்போதே நாயப் சுபேதார் அந்தஸ்து கிடைக்கும். பட்டதாரியாக இருக்க வேண்டும். 1,600 மீட்டரை 8 நிமிடத்தில் ஓடவும் வேண்டும். தேறியவர்களுக்குப் புனேயில் உள்ள தேசிய ஒருமைப்பாட்டு நிலையத்தில் பயிற்சி உண்டு.

மணியடித்துத் தீபம் காட்டுவதோடு இந்த வேலை முடிவதில்லை. இறந்தவருக்கு ஈமச்சடங்கு, ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு ஆறுதல், தண்டனை அனுபவிக்கும் சிப்பாயைப் பார்த்துப் பேசுவது, பிள்ளைகளுக்குச் சமய போதனை ஆகிய அனைத்தும் இவர் பொறுப்பு. இவற்றில் எதைத்தான் புரியாத பாஷையில் செய்ய முடியும்? வலியில் துடிப்பவன் தாய்மொழியில்தான் அழுவான். பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பண்டிட் பதவிக்குக் கேட்கப்படும் சமயப் படிப்பு என்ன? சமஸ்கிருதத்தில் ஆச்சார்யா, அல்லது சாஸ்திரியும் கர்ம காண்டத்தில் ஓராண்டு டிப்ளமாவும். தேவாரம் ஓதும் ஓதுவாரின் படிப்புக்கு அங்கே இடமில்லை. தமிழக அரசு 2007-ல் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளைத் திறந்தது. அவற்றில் படித்த 24 பேரை 2021 ஆகஸ்டில் கோயில்களில் நியமித்தது. கோயிலுக்கு ஏற்ற அந்தச் சான்றிதழ், பட்டப்படிப்போடு சேர்த்துக் காட்டினாலும் பட்டாளத்துப் பட்டியலில் இல்லை.

எந்த ரெஜிமெண்டுக்கும் மாற்றலாகிப் போகக்கூடியவருக்கு ஒரு பிராந்திய மொழி எதற்கு என்று கேட்பார்கள். கிரந்திக்குப் பஞ்சாபியில் ஞானி பட்டம் கேட்கிறார்களே! மௌல்விக்கு அரபு ஆலிம் அல்லது உருது அதீப் ஆலிம் போதும் என்கிறார்களே! கூர்க்கா ரெஜிமெண்டுகளுக்கென்றே தனியாகப் பண்டிட் எடுக்கிறார்களே! அவர்களுக்குச் செய்தது நியாயம்தான். அதே நியாயம், 1758-ல் தோன்றி இன்று வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் ரெஜிமெண்டின் தென்னாட்டுச் சிப்பாய்களுக்கும் வேண்டாமா?

சமஸ்கிருதத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. தமிழ்ச் சமயக் கல்வியையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே கோரிக்கை. இதற்குப் பெரிய செலவில்லை. தகுதிப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும். தமிழக எம்.பி.க்கள் இதைப் பாதுகாப்பு அமைச்சரிடம் வலியுறுத்த வேண்டும். எல்லையில் உயிரைக் கொடுக்கத் துணிந்தவனுக்குக் கடைசி நேரத்தில் காதில் விழும் வார்த்தையாவது புரிய வேண்டும்.