பென்சிலின் ஊசி: பூஞ்சை யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி

காசிமேடு, ராயபுரம் பக்கம் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துத் தூங்கும் வீடுகள் நிறைய. ஒரு குழந்தைக்குத் தொண்டை வலி வந்தால் அடுத்த குழந்தைக்கும் சட்டென ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவால் வந்து, கவனிக்காமல் விட்டால், சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வையே கெடுத்துவிடும். அப்படிப்பட்ட குழந்தைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, பல வருஷங்களுக்கு, பென்சாதைன் பென்சிலின் ஊசி போடணும். விலை ரொம்பக் கம்மி. சிக்கலே அதுதான். லாபம் இல்லாததால் தயாரிக்கும் கம்பெனிகள் குறைவு. உலகம் முழுக்கவே இந்த ஊசிக்கு அவ்வப்போது தட்டுப்பாடு வருகிறது.

ஊசியின் மூலப்பொருள் பென்சிலின்-ஜி. அதைச் சுரப்பது ஒரு பூஞ்சை. பழைய ரொட்டியில் பச்சையாகப் படருமே, அந்த வகையறா. 1928-ல் ஃபிளெமிங் கண்டுபிடித்த பூஞ்சையில், ஒரு மில்லி திரவத்துக்குச் சுமார் 2 யூனிட் மருந்துதான் தேறியது. 1943-ல் அமெரிக்காவின் பியோரியா நகர ஆய்வகத்துக்கு, பூசணம் பிடித்த ஒரு கிர்ணிப் பழத்திலிருந்து அதிகம் சுரக்கும் ரகம் கிடைத்தது (ஆமாம், ஒரு பழம்!). அதன் மேல் எக்ஸ்ரே, புறஊதாக் கதிர்களைப் பாய்ச்சி, பிழைத்ததில் நன்றாகச் சுரப்பதை மட்டும் பொறுக்கினார்கள். திரும்பத் திரும்ப இதே வேலை. தீனியாக, மக்காச்சோள ஆலையில் மிஞ்சும் ஊறல் நீர். இன்றைய ஆலைகளில் மில்லிக்கு 50,000 யூனிட்டுக்கு மேல் கிடைக்கிறது.

பிற்பாடு ஜீன்களைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு காரணம் தெரிந்தது. பென்சிலின் செய்யும் ஜீன்கள், அந்த ரகங்களுக்குள் பல நகல்களாகப் பெருகியிருந்தன. விவசாயிக்கு விதை எப்படியோ, இந்தத் தொழிலுக்கு ரகம் அப்படி. நல்ல ரகத்தை எந்தக் கம்பெனியும் லேசில் வெளியே கொடுக்காது.

நம்மிடமும் ஆலைகள் இருந்தன. புனே அருகே பிம்ப்ரியில் 1954-ல் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமே தொடங்கப்பட்டது. நம்ம கடலூர் சிப்காட்டிலும் பென்சிலின்-ஜி தயாரானது. சீனச் சரக்கு அடிமாட்டு விலைக்கு வந்ததும், நாடு முழுக்க ஒவ்வொன்றாக நின்றுபோயின. பல வருஷ இடைவெளிக்குப் பிறகு 2024-ல்தான், மத்திய அரசின் ஊக்கத்தொகைத் திட்டத்தில், காக்கிநாடா அருகே ஆண்டுக்கு 15,000 டன் திறனுள்ள ஆலை வந்திருக்கிறது.

நல்ல விஷயம்தான். ஆனால் பெரிய தொட்டி கட்டினால் மட்டும் போதாது. எதிராளியின் பூஞ்சை நம்முடையதைவிட அதிகம் சுரந்தால், அவன் விலையைக் குறைத்துக்கொண்டே போவான்; கடலூர் கதைதான் திரும்பும். ரகத்தை மேம்படுத்தும் ஆராய்ச்சிக்கும் அரசு பணம் ஒதுக்கணும். இன்னொன்று, நம் மாநிலத்தின் கையிலேயே இருப்பது: அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பென்சாதைன் ஊசிக்குக் குறைந்த விலையை மட்டும் பார்க்காமல், கட்டுப்படியாகும் விலையில் சில வருஷங்களுக்குச் சேர்த்து ஒப்பந்தம் போடலாம்.