ஹம்மிங்பேர்டும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல

மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க சாமி! "தாமலில் அபூர்வ ஹம்மிங்பேர்டு!!!"ன்னு மூணு ஆச்சரியக்குறி போட்டு ஒரு படம் எங்க ஊர் வாட்ஸப் குழுவுல சுத்துச்சு. பெரிசு பண்ணிப் பார்த்தா பக்கத்துத் தெரு வீட்டுச் செம்பருத்தி. அதுல உட்கார்ந்திருக்கறது நம்ம ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. அந்தப் படத்தைப் போட்ட தம்பி பொறந்ததுலேர்ந்து தினம் அதோட சத்தத்தைக் கேட்டுக்கிட்டுத்தான் பல் தேய்ச்சிருப்பாரு.

இந்தியாவுல ஹம்மிங்பேர்டு கிடையாது மக்களே. ஊட்டியில கிடையாது, ஏற்காட்டுல கிடையாது, தாமல்ல சத்தியமா கிடையாது. அலாஸ்காவுலேர்ந்து தென் அமெரிக்காவோட தெற்கு முனை வரைக்கும், அந்தக் கண்டங்கள்ல மட்டும்தான் இருக்கு. அங்க 350 வகைக்கு மேல. சலீம் அலி 1941ல போட்ட இந்தியப் பறவைகள் புத்தகத்தைத் தலைகீழாப் புரட்டினாலும் ஒண்ணு கூட அகப்படாது.

"அந்தரத்துல நின்னு தேன் குடிச்சதே, நான் என் கண்ணால பார்த்தேனே?"ம்பீங்க. தேன்சிட்டும் கொஞ்ச நேரம் அப்படி நிக்கும். ஆனா பெரும்பாலும் காம்பைப் பிடிச்சு உட்கார்ந்துதான் குடிக்கும். சில பேர் பார்த்தது பறவையே இல்ல, பகல்ல பறக்கற ஒரு அந்துப்பூச்சி. நீட்டிக்கிட்டு இருக்கறது அலகு இல்ல, உறிஞ்சுகுழல். தலையில உணர்கொம்பு இருக்கான்னு பாருங்க, குட்டு உடைஞ்சிடும்.

ரெண்டு பறவைக்கும் கிட்டத்துச் சொந்தம் கூட இல்லைங்க. ஹம்மிங்பேர்டுக்கு நெருங்கின பங்காளி உழவாரன். தேன்சிட்டு, சிட்டுக்குருவி எல்லாம் இருக்கற பெரிய கூட்டத்து ஆளு. ரெண்டும் பூவுல தேன் குடிக்குது, அதனால அலகு ஒரே மாதிரி நீண்டுபோச்சு. ஒரே கலர்ல சட்டை போட்டா அண்ணன் தம்பி ஆயிடுவாங்களா?

உங்க கட்சிக்கு ஒரே ஒரு பாயிண்ட் நானே எடுத்துத் தர்றேன். ஜெர்மனியில சுமார் 3 கோடி வருஷத்துக்கு முந்தின ஹம்மிங்பேர்டு எலும்புகளைப் பத்தி ஜெரால்ட் மயர்னு ஒருத்தர் 2004ல எழுதினாரு. ஆக ஒரு காலத்துல இந்தப் பக்கமும் இருந்திருக்கு. ஆனா அது கல்லுக்குள்ள இருக்கு, செம்பருத்தியில இல்ல.

"பேரு தப்பாச் சொன்னா குடியா முழுகிடும்?"னு ஒரு நண்பர் கேட்டாரு. முழுகிடுச்சு சார்.

அந்த வீட்டு துணிக் கொடியில ஒரு கூடு இருந்துச்சு. பட்டு நெய்யற சீமையில இருக்கோம், இந்த வேலையைக் கொஞ்சம் பார்க்கணும் நீங்க. பெட்டைதான் கட்டும். சிலந்தி நூலை இழுத்துட்டு வந்து, சருகு, மரப்பட்டைத் தூள், புழு எச்சம்னு கண்டதையும் ஒட்டி, பை மாதிரித் தொங்கவிட்டு, வாசலுக்கு மேல சின்னதா ஒரு தாழ்வாரம் வேற. தூரத்துலேர்ந்து பார்த்தா குப்பை மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். அதுதான் அதுக்குப் பாதுகாப்பே.

படம் சுத்தின மறுநாளே கூட்டம் சேர்ந்துடுச்சு. செல்ஃபி, வீடியோ, குழந்தையைத் தூக்கிப் பிடிச்சு "பாரு பாரு, அமெரிக்கா பறவை". ஒரு புண்ணியவான் வெளிச்சம் பத்தலைன்னு டார்ச் அடிச்சாரு. ரெண்டு நாள் பெட்டை எதிர் வீட்டு ஒயர்ல உட்கார்ந்து கத்திச்சு. மூணாம் நாள் காணோம். நாலு நாள் பொறுத்து அந்த வீட்டுப் பெரியம்மா எட்டிப் பார்த்தா, ரெண்டு முட்டையும் அப்படியே கெடக்கு.

"வருசா வருசம் இந்தக் கொடியிலதாம்பா கட்டும். இதுக்கா இம்மாம் கூட்டம்?"னாங்க. ஊருல சரியாப் பார்த்தது அவங்க ஒருத்தர்தான்.

தேன்சிட்டுன்னு போட்டிருந்தா ஒரு ஆள் தலையைத் திருப்பியிருக்க மாட்டான். எவனோட பறவையோன்னு நினைச்சதுக்கு அத்தனை மரியாதை, நம்மதுன்னா திரும்பிக்கூட பார்க்கறதில்ல. எங்க பக்கத்துச் சமவெளியில மூணு வகை தேன்சிட்டு இருக்கு. லோட்டன் தேன்சிட்டுன்னு ஒண்ணு, அலகு நல்லா நீண்டு வளைஞ்சிருக்கும். லோட்டன்ங்கறது 18ஆம் நூற்றாண்டுல இலங்கையில டச்சு கவர்னரா இருந்தவர் பேரு. அவருக்குத் தெரிஞ்ச பறவை கூட நமக்குத் தெரியல. இன்னொண்ணு ஊதாத் தேன்சிட்டு. அதுல ஆண் குஞ்சு பொரிக்கிற பருவம் முடிஞ்சதும் கருநீலச் சட்டையைக் கழட்டிட்டு, கழுத்துலேர்ந்து ஒரு கருப்புக் கோடு மட்டும் வச்சுக்கிட்டு மஞ்சளா திரியும். அதையும் எவனாவது புதுப் பறவைன்னு போடுவான், பாருங்க.

உண்மையைச் சொல்லிடறேன், நானும் போனேன். படம் எடுக்க இல்ல, "இது ஹம்மிங்பேர்டு இல்ல"ன்னு கூட்டத்துக்கு விளக்க. முக்கால் மணி நேரம் விளக்கினேன். அத்தனையும் கூட்டுக்கு நாலடி தள்ளி நின்னுக்கிட்டு.

கூடு இன்னும் தொங்குது. பெரியம்மா துணியை மாடியில காயப் போடறாங்க.

டிஸ்கி: அமெரிக்காவுல இருக்கற நண்பர்களே, உங்க பால்கனிக்கு வர்றது நிஜமாவே ஹம்மிங்பேர்டுதான். உங்களைச் சொல்லல, ஆட்டோ அனுப்பிடாதீங்க.