காகிதத்தில் ஆறில் ஒன்று, சுவரில் பன்னிரண்டில் ஒன்று

ஒரு படுக்கையறை. பரப்பு 9.5 சதுர மீட்டர். ஒற்றை அறை வீட்டுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு அது. அகலம் 2.4 மீட்டர், உயரம் 2.75 மீட்டர். வெக்கையும் ஈரமும் மிகுந்த ஊர் என்பதால் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் வேண்டும். கணக்குப் போட்டால் 1.58 சதுர மீட்டர். 1.2 மீட்டருக்கு 1.35 மீட்டர் என்று ஒரு ஜன்னலை வரைந்தால் 1.62 கிடைத்துவிடும். வரைபடம் தேறும், கையெழுத்து விழும்.

கட்டி முடிக்கும்போது அந்த இடத்தில் இரண்டு கண்ணாடி கொண்ட ஸ்லைடிங் ஜன்னல் வந்து உட்காருகிறது. எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு பாதி மற்றொரு பாதியின் மேல்தான் போய் நிற்கும். ஆகவே காற்று நுழையும் வழி 0.81 சதுர மீட்டர். தரைப்பரப்பில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. அதே விதித்தொகுப்பில் பன்னிரண்டில் ஒன்று என்ற அளவும் இருக்கிறது. அது குளிர்ப் பிரதேசங்களுக்கு உரியது. சிம்லாவுக்கும் லேவுக்கும் எழுதிய அளவில் புதுச்சேரிக்காரர் ஒருவர் மே மாத இரவைக் கழிக்கிறார். கொசுவலையையும் அடித்துவிட்டால் அந்தப் பாதியிலும் காற்று தடைபடும்.

இதில் யாரும் விதியை மீறவில்லை என்பதுதான் கவலைக்குரியது. கதவை விட்டுவிட்டு, சட்டத்தின் அளவையும் சேர்த்து ஜன்னல் பரப்பைக் கணக்கிடலாம் என்கிறது விதித்தொகுப்பு. ஜன்னலின் ஒரு பகுதி திறக்காத கண்ணாடியாக இருந்தால் திறக்கும் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஸ்லைடிங் ஜன்னலில் திறக்காத கண்ணாடி என்று எதையும் காட்ட முடியாது, இரண்டும் நகரும். நகர்ந்து எங்கே போகின்றன என்று விதி கேட்பதில்லை. மரக் கதவு ஜன்னல்கள் இருந்த காலத்தில் அப்படிக் கேட்கத் தேவையும் இருக்கவில்லை. இரண்டு இறக்கைகளையும் வெளியே தள்ளினால் சுவரில் இருந்த திறப்பு முழுவதும் காற்றுக்குத்தான். அலுமினியமும் யு.பி.வி.சி.யும் வந்து ஜன்னலின் இயல்பு மாறியது. அளவுகோல் மாறவில்லை.

ஓரிடத்தில் மாறியிருக்கிறது. எரிசக்தி திறன் செயலகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ ஜன்னலின் பரப்பை விட்டுவிட்டுத் திறக்கும் பரப்பைக் கேட்கிறது. வெப்ப ஈரப் பகுதிகளுக்கு அது தரைப்பரப்பில் 16.66 விழுக்காடு; அதே ஆறில் ஒன்று. ஆனால் இறக்கைக் கதவு ஜன்னலுக்கு 90 விழுக்காடும் இரண்டு பலகை ஸ்லைடிங்குக்கு 50 விழுக்காடும் மட்டுமே திறப்பாக ஒப்புக்கொள்ளப்படும். நமது படுக்கையறை இந்தக் கணக்கில் தேறாது. தேற வேண்டுமானால் ஜன்னலை இரட்டிப்பாக்க வேண்டும், அல்லது இறக்கைக் கதவுக்குத் திரும்பி அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும். நல்ல விதி. ஆனால் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான் அது பொருந்தும். முத்தியால்பேட்டையிலோ, மிஷன் வீதிக்கு மேற்கே உள்ள தமிழர் பகுதியிலோ இன்று கட்டப்படும் வீடுகளில் எத்தனை அந்த அளவு மனையில் எழுகின்றன? காற்றுக்கு அதிகம் தவிக்கும் சின்ன மனை, காற்றைச் சரியாக அளக்கும் விதிக்கு வெளியே நிற்கிறது.

புதுச்சேரியின் பழைய நகரில் இந்தச் சிக்கலுக்குத் தனி முகம் உண்டு. 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தபோது வரையப்பட்ட கட்டம் போட்ட தெருத்திட்டம், 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்த பிறகும் அழியாமல் நின்றது. அதன்மேல்தான் நகரம் மறுபடி எழுந்தது. தமிழர் தெருக்களில் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும். பக்கத்துச் சுவரில் ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் தெருவிலிருந்து வரவேண்டும், கொல்லையிலிருந்து வரவேண்டும், இல்லையென்றால் வானத்திலிருந்து இறங்கவேண்டும். தாழ்வாரம், திண்ணை, நடை, முற்றம், கூடம், கொல்லை என்ற வரிசை அந்தக் கட்டாயத்தில் பிறந்த ஏற்பாடு. தெருவாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு நேர்கோட்டில் தெரியும். நடுவே முற்றத்தில் சூடேறிய காற்று மேலே போக, நிழலில் கிடந்த காற்று நடை வழியாக உள்ளே வரும். பிற்பகலில் கடற்காற்று எழும்போது அந்த நேர்கோடு முழுவதும் அதன் பாதை.

அந்த வீடுகளைப் புனிதமாக்கத் தேவையில்லை. முற்றத்தைச் சுற்றிய அறைகள் பலவற்றில் ஜன்னலே கிடையாது. பின்கட்டு அடுக்களையின் புகையைப் பெண்களின் நெஞ்சுதான் வாங்கியது. முற்றம் வைத்துக் கட்டும் அளவுக்கு மனை வைத்திருந்தவர்கள் ஊரில் ஒரு பகுதியினர் மட்டுமே. வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுக்கும் அந்த மாளிகைகளுக்கும் ஒப்பே இல்லை. ஆனாலும் ஒட்டி நிற்கும் மனையில் காற்றுக்கு வழி எது என்ற கேள்விக்கு அவற்றிடம் ஒரு விடை இருந்தது. வைசியாள் வீதி எனப்படும் கால்வே சுப்பராயச் செட்டித் தெருவின் மீட்டெடுப்புக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தபோது கண்ணில் பட்டது தெருமுகப்புதான். தாழ்வாரத்துத் தூண்களை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அவற்றுக்குப் பின்னால் முற்றம் திறந்திருக்கிறதா, தகரம் போட்டு மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பவர் குறைவு.

முற்றம் எப்படிப் போனது என்பது இத்துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. பாகப்பிரிவினையில் மனை நீளவாக்கில் பிளக்கிறது. ஆறு மீட்டர் அகலம் மூன்றாகிறது. மூன்று மீட்டர் மனையில் முற்றம் என்பது வீட்டின் நடுப்பகுதியையே விட்டுக்கொடுப்பது. ஆகவே மாடி ஏறுகிறது, முற்றம் சுருங்கி ‘ஓடிஎஸ்’ எனும் வானம் பார்த்த திறப்பு ஆகிறது, ஓடிஎஸ் சுருங்கி ‘டக்ட்’ ஆகிறது. விதித்தொகுப்பில் முற்றமும் டக்ட்டும் ஒன்றல்ல. அறைகள் பார்த்து நிற்கும் உள்முற்றத்துக்கு அகலம் 3 மீட்டராவது வேண்டும். பரப்பு, சுற்றியுள்ள மிக உயரமான சுவரின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கின் வர்க்கத்துக்குக் குறையக் கூடாது. டக்ட் என்பது கழிப்பறைக்கும் குளியலறைக்கும் உரியது. 10 மீட்டர் உயரக் கட்டடத்தில் 1.2 சதுர மீட்டர் போதும், அகலம் 0.9 மீட்டர் இருந்தால் சரி. 9 சதுர மீட்டர் முற்றமும் 1.2 சதுர மீட்டர் டக்ட்டும் வரைபடத்தில் ஒரே மாதிரி பெருக்கல் குறியோடு தெரிகின்றன. பிள்ளைகள் படிக்கும் அறையின் ஜன்னலும் அடுக்களை ஜன்னலும் அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்துத் திறக்கின்றன.

அடுக்களை விஷயத்தில் இது கூடுதல் அநியாயம். பகல் வெளிச்சத்துக்கு இந்தியத் தரம் வைக்கும் கணக்கில், வீட்டிலேயே மிக அதிக வெளிச்சம் வேண்டிய இடம் அடுக்களைதான். வரவேற்பறைக்குப் பகலொளிக் காரணி 0.625 விழுக்காடு போதும், அடுக்களைக்கு 2.5 விழுக்காடு. லக்ஸில் சொன்னால் 50க்கு 200. நான்கு மடங்கு. கத்தியும் கொதிக்கும் எண்ணெயும் புழங்கும் இடம் என்பதைத் தரம் எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள். வரைபடம் போடுகிறவர்கள் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலை வரவேற்பறைக்குக் கொடுத்துவிட்டு அடுக்களையை டக்ட்டின் அடியில் வைக்கிறார்கள்.

இந்தியாவில் இந்தக் கணக்கை முதலில் உயிர்ப் பிரச்சினையாக எடுத்துக்கொண்ட ஊர் பம்பாய். 1896இல் பிளேக் வந்தது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. அதன் தலைவராக இருந்த ஜே. பி. ஆர் 1912இல் வலியுறுத்திய விதி எளிமையானது: ஜன்னல் அடியிலிருந்து எதிர்ச் சுவரின் உச்சிக்கு இழுக்கும் கோடு 63.5 பாகைக்கு மேல் ஏறக் கூடாது. அதாவது, எதிரே எழும் சுவரின் உயரத்தில் பாதி அளவாவது திறந்தவெளி இருக்க வேண்டும். 15 மீட்டர் சுவர் என்றால் ஏழரை மீட்டர் இடைவெளி. இன்றைய விதித்தொகுப்பின் உள்முற்றத்தில் 15 மீட்டர் சுவருக்கு 3 மீட்டர் அகலம் போதும்; அங்கே அந்தக் கோடு 78 பாகையைத் தாண்டி நிற்கும். மண் இன்னும் கிடைத்த காலத்து விதியை இன்றைய நகரம் தாங்காது என்று சொல்லலாம்தான். ஆனால் எவ்வளவு வெளிச்சத்தை விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். மும்பையின் கோவண்டி, மான்கூர்து மறுகுடியமர்த்தல் குடியிருப்புகளை ஆராய்ந்து டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வு, கட்டடங்கள் நெருங்கி நிற்கும் இடங்களில், வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் காசநோய் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அந்தக் குடும்பங்களுக்குச் சதுர அடி குறையவில்லை. குடிசையிலிருந்து கான்கிரீட் வீட்டுக்குத்தான் வந்திருந்தார்கள்.

புதுச்சேரிக்காரர்கள் மும்பை வரை போகாமலே பார்க்கக்கூடிய மறுவிடை ஒன்று அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. ஆண்டனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிராண்டிசெக் சம்மரும் இங்கேயே தங்கிக் கட்டி 1940களின் தொடக்கத்தில் முடித்த கட்டடம். இந்தியாவின் ஆரம்பகாலக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. அங்கே ஜன்னலுக்குக் கண்ணாடியே இல்லை. வடக்கு, தெற்கு முகப்புகள் இரண்டும் முழுக்கத் திருப்பக்கூடிய கிடைப் பலகைகள். கைப்பிடியைத் திருப்பினால் வெயிலும் மழையும் வெளியே, காற்று உள்ளே. அறைகள் ஒரே பக்கம், நடைபாதை மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே உள்ள தேக்குக் கதவுகளும் இடைவெளி விட்ட பட்டைகளால் ஆனவை. மூடியிருந்தாலும் காற்று ஊடுருவும், அறையின் மறைவும் குலையாது. கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளால் இரண்டாவது கூரை. அந்தப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட். அந்தப் பொருளை இன்று யாரும் தொட வேண்டாம். ஆனால் திறப்பின் அளவுக்கும் காற்றின் அளவுக்கும் வேறுபாடு இல்லாத ஒரு சுவரை இந்த ஊரிலேயே, எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கட்ட முடிந்திருக்கிறது. பிரெஞ்சுப் பகுதியின் பழைய வீடுகளில் மரப்பட்டை வைத்த ஜன்னல் கதவுகளும் அதே வேலையை எளிய விலையில் செய்தன.

ஏ.சி. இருக்கும்போது இத்தனை பேச்சு எதற்கு என்று கட்டுநர்கள் கேட்கிறார்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கரையேறிய பிறகு புதுச்சேரியிலும் கடலூரிலும் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது வீடு என்பது ஜன்னலும் முற்றமும் மட்டுந்தான். ஏ.சி.யை வாங்க முடிந்தவருக்கும் மாதந்தோறும் ஓட்ட முடிந்தவருக்கும் இடையே உள்ள தூரமும் சிறியதல்ல. 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டின் உள்பரப்பு 30 சதுர மீட்டர் வரைதான் இருந்தது. அந்த 30க்குள் இருக்கும் இரண்டு ஜன்னல்களும் திறந்தால் திறக்க வேண்டும்.

இன்னொன்றையும் இவ்விதழ் கவனிக்கிறது. நமது தரங்கள் அனைத்தும் வரைபட அனுமதியின் மேசையோடு முடிந்துவிடுகின்றன. ஒரு காலத்தில் இந்த ஊரை ஆண்ட பிரான்சில் 2002 ஜனவரியில் வந்த ஆணை, வாடகைக்கு விடும் வீட்டுக்கே குறைந்தபட்சம் வைத்தது: 9 சதுர மீட்டரும் 2.20 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு முதன்மை அறை, அல்லது 20 கன மீட்டர் கொள்ளளவு. முதன்மை அறைகளுக்குப் போதிய இயற்கை வெளிச்சம், திறந்தவெளியைப் பார்த்த ஜன்னல். அளவில் அது நம்முடையதைவிடக் கஞ்சமானது. ஆனால் கட்டி ஐம்பது வருடமான வீட்டிலும் குடியிருப்பவர் அதைக் கேட்டு வாங்க முடியும். இங்கே முற்றத்துக்குத் தகரம் போட்டு அதையும் ஓர் அறையாக வாடகைக்கு விட்டால், உள்ளே இருப்பவர் எந்த விதியைக் காட்டிக் கேட்பார்?

புதுச்சேரிக்குச் சொந்தமாக 2012ஆம் ஆண்டின் கட்டட துணைவிதிகளும் மண்டல ஒழுங்குமுறைகளும் உண்டு. அவற்றை அடுத்து மாற்றும்போது செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஈகோ நிவாஸ் சம்ஹிதாவின் திறப்புக் கணக்கை 500 சதுர மீட்டருக்குக் கீழே உள்ள மனைகளுக்கும் கொண்டுவரலாம். மனை அளவைக் குறைத்துக்கொள்ள மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் அந்தத் தொகுப்பே இடம் கொடுத்திருக்கிறது. ஒட்டு வீடுகள் உள்ள தெருக்களில் வானம் பார்த்த முற்றம் விடுபவருக்கு அந்தப் பரப்பின் அளவு மேல்தளத்தில் கூடுதல் கட்டுமானம் தரலாம். பிளந்த மனைக்காரர் முற்றத்தை இழப்பாகப் பார்க்காமல் இருக்க வேறு வழி தெரியவில்லை. இரண்டு பங்காளிகள் சேர்ந்து ஒரே முற்றத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டால் இருவருக்கும் அந்தச் சலுகை கிடைக்க வேண்டும். டக்ட்டைப் பார்த்த படுக்கையறை ஜன்னலும் அடுக்களை ஜன்னலும் கணக்கில் சேரக் கூடாது என்பதை வரைபடம் பார்க்கும் அலுவலர்கள் இன்றைக்கே, புதிய விதி எதற்கும் காத்திராமல், நடைமுறைப்படுத்தலாம்.

விதி மாறும் வரை பொறியாளர்களும் கட்டடக்கலைஞர்களும் தாங்களாகவே தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வரைபடத்திலும் கதவு ஜன்னல் அட்டவணை இருக்கிறது: குறியீடு, அகலம், உயரம், எண்ணிக்கை. அதில் இன்னும் இரண்டு கட்டங்கள். ஒன்றில் ஜன்னல் இறக்கையா ஸ்லைடிங்கா என்பது. மற்றொன்றில் அது திறந்தால் கிடைக்கும் சதுர மீட்டர். வீட்டுக்காரரிடம் வரைபடத்தை விரித்துக் காட்டும்போது அந்தக் கடைசி எண்ணின் மேல் விரலை வைத்து, இதுதான் உங்கள் அறைக்குள் வரப்போகும் காற்று என்று சொல்லிவிட்டு ஜன்னல் கம்பெனியின் விலைப்பட்டியலைக் கையில் எடுக்கலாம்.