நாலு மணி நேரந்தானா?

"சிங்கப்பூரா? சென்னையிலிருந்து நாலு மணி நேரந்தான்!" நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கணக்கு தவறன்று. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். மணிக்கு 800, 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து, நாலு மணிக்குச் சற்றுக் கூடுதலாகும். ஆனால் இது விமான நிலையங்களுக்கு இடையேயான கணக்கு. வீட்டு வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே எவ்வளவு என்பதே என் கேள்வி.

சித்திரைப் பௌர்ணமியன்று விடியற்காலையில் என் ஆயா இறந்துபோனார். சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணனுக்கு உடனே செய்தி போயிற்று. எப்படியோ இடம் பிடித்து, நம் நேரப்படி காலை பத்தரைக்கு அவர் விமானம் ஏறிவிட்டார். "நாலு மணி நேரந்தானே, பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவான்" என்று பெரியவர்கள் காத்திருந்தார்கள்.

விமானம் இரண்டேமுக்காலுக்கே மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டது. சோதனைகள் முடிந்து, பெட்டியை எடுத்து, அண்ணன் வெளியே வர நாலு மணி. கிளாம்பாக்கம் போனால், கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலை வண்டிகளில் கால் வைக்க இடமில்லை. விழுப்புரம் பேருந்தில் தொற்றி, திண்டிவனத்தில் இறங்கி, செஞ்சி வண்டிக்குக் காத்துநின்று, வாசலை மிதிக்கும்போது இரவு எட்டேமுக்கால். ஆயாவை ஆறு மணிக்கே எடுத்துவிட்டோம். 2,900 கிலோமீட்டருக்கு நாலேகால் மணி நேரம். மிச்சமிருந்த 130 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம்!

கப்பல் காலத்தில் இந்த ஏமாற்றம் இல்லை. 'எம்.வி. சிதம்பரம்' கப்பல் 1985இல் தீப்பிடிக்கும்வரை சிங்கப்பூர்ப் பயணம் நாள் கணக்கில் ஆகும். வர முடியாது என்று தெரிந்ததால் யாரும் காத்திருக்கவில்லை. நாமோ நாலு மணி நேரம் என்ற சொல்லை நம்பிக் காத்திருக்கிறோம்.

இன்னும் வேகமான விமானம் வந்தால் தீர்ந்துவிடும் என்பர் சிலர். நான் ஒப்பமாட்டேன். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை ஏறத்தாழ 15,300 கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் கடக்கும் விமானம் இன்றே பறக்கிறது. குறை வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. விமான நிலைய வாசலிலிருந்து நம் பக்கத்துக்கு நேர்ப் பேருந்து வேண்டும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு என்று நெடுங்காலமாகப் பேசப்படும் ரயில் பாதை வேண்டும்.

நண்பர்களே! ராஜகிரி உச்சி அடிவாரத்தில் நிற்பவனுக்குக் கைக்கெட்டும் தூரந்தான். ஏறியவனுக்கே படிகளின் கணக்கு தெரியும். பட்டம் பெற்றபின் நம்மில் சிலரும் கடல் கடப்போம். அன்று வீட்டாரிடம் நாலு மணி நேரம் என்று சொல்ல வேண்டாம். வாசல் முதல் வாசல் வரை எண்ணிச் சொல்வோம்.