பெயர் கேட்ட பிள்ளை



திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரேயொரு முருங்கை மரம் நிற்கிறது. துறைமுகம் செல்லும் லாரிகளின் புழுதி அதன் இலைகளில் படியாத நாளில்லை. ஒருநாள் காலை ஓதிக்கொண்டிருந்த என் இளைய மகள் அம்மரத்தைக் காட்டி, "அத்தா, அந்தக் குருவிக்கு என்ன பேர்?" என்று கேட்டாள்.

"ஏதோ ஒரு குருவி. ஓதும்போது பராக்குப் பார்க்காதே" என்று கடிந்துகொண்டேன். அவள் முகம் வாடிவிட்டது. உண்மை யாதெனில், எனக்கே அதன் பெயர் தெரியாது. தெரியாது என்று சொல்ல, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பழகிய நாவு எழவில்லை.

அன்றிரவு பறவையியல் அறிஞர் சலீம் அலீ அவர்களின் நினைவு வந்தது. 1896-இல் பம்பாயில் பிறந்து, பெற்றோரை இளமையிலேயே இழந்து, மாமா அமீருத்தீன் தயாப்ஜியிடம் வளர்ந்தவர் அவர். சிறுவனாயிருக்கையில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு, இஃது என்ன பறவை என்று மாமாவிடம் வினவினார். மாமாவுக்கும் தெரியவில்லை. ஆயினும் அவர் அதட்டவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பிவைத்தார். மில்லார்டு பெயரைச் சொன்னதோடு, கழகம் சேகரித்திருந்த பறவைகளையும் காட்டினார். அச்சிறுவரே 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய புகழ்பெற்ற நூலை அளித்தார். 1976-இல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார்.

மறுநாள் நூலகத்தில் படங்களைப் புரட்டினேன். எங்கள் வீட்டு விருந்தாளி ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு! இந்தியத் துணைக்கண்டத்துக்கே உரிய பறவை; நீளம் சுமார் 10 செ.மீ. ஆணின் உச்சந்தலை பச்சையாய் மின்னும், வயிறு மஞ்சள். பெண் பறவையே பெரும்பாலும் கூடு கட்டுகிறது. நாரையும் சருகையும் சிலந்தி நூலால் பிணைத்து, பை போலத் தொங்கவிட்டு, வாசலுக்கு மேலே சிறு தாழ்வாரமும் இறக்கிவிடுகிறது.

மகளை அழைத்து, "நேற்று அத்தாவுக்குத் தெரியாதம்மா, இன்று தெரிந்துகொண்டேன்" என்றேன். அவள் கேட்ட அடுத்த கேள்வி: "குஞ்சுக்கும் தேன்தான் கொடுக்குமா?" அதற்கு நூலில் விடை இருந்தது: பூச்சிகளும் சிலந்திகளும்.

சிறுவர் அபூ உமைரின் சின்னஞ்சிறு பறவையைப் பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரிடமே பரிவுடன் விசாரித்ததை மதரஸாவில் எத்தனையோ முறை போதித்திருக்கிறேன். என் வீட்டில் அது நினைவுக்கு வராமற் போயிற்று.

உங்கள் பிள்ளையும் நாளை ஒரு பெயர் கேட்கக்கூடும். தெரியாவிடில், தெரியாது என்று சொல்லுங்கள். பின்னர் இருவருமாகத் தேடுங்கள்.