தஃப்தரில் எழுதுவதற்கு முன்



மணநாளுக்கு இன்னும் நான்கு நாட்களே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தற்கால் ஊன்றியாகிவிட்டது. தேக்சாக்களுக்கும் சமையற்காரருக்கும் முன்பணம் கொடுத்தாயிற்று. மருதாணி இரவுக்கு யாரை அழைக்க மறந்தோம் என்று பட்டியலைப் பத்தாவது முறையாகப் புரட்டுகிறீர்கள். இத்தனை பரபரப்பிலும் ஒரு கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கும்: தஃப்தரில் மஹர் என்று எதை எழுதப் போகிறோம்?

பல வீடுகளில் இக்கேள்வி எழுவது, இமாம் அவர்கள் பேனாவைத் திறந்த பிறகுதான். பெரியவர்கள் இருவர் காதோடு காது பேசுவர். ஒரு தொகை வெளிவரும். வக்கீலும் இரு சாட்சிகளும் வந்து சம்மதம் கேட்கும்போதுதான் மணமகள் அத்தொகையையே முதன்முறையாகச் செவியுறுவாள். வீடு நிறைய விருந்தினர் இருக்க, "இது எனக்குப் போதாது" என்று சொல்லும் துணிவு எந்தப் பெண்ணுக்கு வரும்?

மஹர் தந்தைக்கு உரியதன்று, மணமகளுக்கே உரியது. அதை மனமுவந்து அவளிடம் கொடுத்துவிடும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் பணிக்கின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவியருக்கு அளித்த மஹர் 500 திர்ஹம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். எடைக்கணக்கில் அது ஏறத்தாழ ஒன்றரை கிலோ வெள்ளி. ஹனஃபி மத்ஹபில் குறைந்த அளவு 10 திர்ஹம், அதாவது சுமார் 30 கிராம் வெள்ளி. ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்தபட்ச வரையறை இல்லை. ஏதுமற்ற ஏழைக்கு இரும்பு மோதிரமேனும் தேடிவரச் சொன்ன ஹதீஸும் உண்டு. ஆனால் கைக்கூலியாக இலட்சங்களை எண்ணி வாங்கியவர் அந்த ஹதீஸை எடுத்துக்காட்டுவது அழகாகுமா? 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டமும் மஹரை வரதட்சணையாகக் கருதவில்லை. கைக்கூலிக்கு அந்தச் சலுகை கிடையாது.

சிக்கல் பெரும்பாலும் நகையில்தான் முளைக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு சங்கிலி அணிவிக்கின்றனர். அது மஹரா, அன்பளிப்பா, அன்றைய தினத்திற்கு மாத்திரம் மாமியார் கழற்றிக் கொடுத்ததா? அன்று யாரும் வாய் திறப்பதில்லை. பின்னொரு நாள் அடகுக் கடைக்கோ மருத்துவச் செலவுக்கோ அந்தச் சங்கிலி தேவைப்படும்போது மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். ஆகவே வெறுமனே "நகை" என்று எழுத விடாதீர்கள். இன்ன நகை, 22 காரட், இத்தனை கிராம், மஜ்லிஸிலேயே ஒப்படைக்கப்பட்டது என்று எழுதச் சொல்லுங்கள்.

பிறகு தருவதாகச் சொன்னால், எப்போது என்பதையும் எழுத வேண்டும். ரூபாயைவிடத் தங்க எடையாகக் குறிப்பது நன்று; பணத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது அல்லவா! கொடுபடாத மஹர் கணவன்மீது கடன். அவன் மறைந்துவிட்டால், வாரிசுகள் பங்கிடுமுன் அவனது சொத்திலிருந்து அது தீர்க்கப்பட வேண்டும். மனைவியின் வாரிசுப் பங்கு அதற்கு அப்பால் தனியே சேரும். கணவனை இழந்த எத்தனை சகோதரிகள் இதை அறியாமல் மய்யித்தின் அருகிலேயே "மன்னித்துவிட்டேன்" என்று சொல்லிவிடுகின்றனர்!

மாப்பிள்ளை வெளியூர் எனில், அவரது ஜமாஅத்தின் கடிதம் வந்துவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, மணம் முடிந்த 90 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்திலும் பதிய வேண்டும்; வயதுச் சான்றுகளை இப்போதே எடுத்து வையுங்கள்.

இன்று மஃரிபுக்குப் பின் மகளை அருகில் அமர்த்தி, அவள் விருப்பம் என்னவென்று கேளுங்கள். நாளை அதை இரு வீட்டாரும் பேசி முடித்து, ஒரு தாளில் எழுதி இமாம் அவர்களிடம் சேர்ப்பித்துவிடுங்கள். நிக்காஹ் முடிந்ததும் தஃப்தரின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, மகளின் கையிலேயே கொடுங்கள்.